குடைதான் சரி

அலாரம் அடித்தது. அணைத்தான். போர்வையை மடித்து வைத்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பைகளில் தேநீர். ஒன்றில் சர்க்கரை உண்டு, ஒன்றில் இல்லை. முட்டை வேகிற நேரத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கைகள், கடைசியில் முதுகு. முட்டையைக் குழாய்த் தண்ணீரில் காட்டி உரித்தான். ரொட்டியை வாட்டினான். குப்பைப் பையின் வாயைக் கட்டிக் கதவோரம் வைத்தான். மாமியார் எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். சர்க்கரை இல்லாத கோப்பையை அவர் முன்னால் வைத்தான்.

“தூங்கினீங்களா அத்தை?”

“தூங்கினேன். நீங்க?”

“தூங்கினேன்.”

இரண்டும் பொய். அது இருவருக்கும் தெரியும்.

குளிர்காலத்திலிருந்து அந்த வீட்டில் பேச்சு ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் இருந்தது. அவன் மனைவி, அத்தையின் ஒரே மகள், அலுவலகத்தில் மேசைமேல் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், பெட்டி கட்டினார்கள். அத்தை மட்டும் கிளம்பவில்லை. “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்” என்றார். யாருக்கு யார் துணை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. கட்டடம் கட்டடமாகப் போவான். பெட்டிக்குள் நின்று மேலே ஏறுவான், கீழே இறங்குவான், கதவுச் சட்டத்தில் காதை வைத்துக் கேட்பான், ‘சரி’ என்றோ ‘சரியில்லை’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவான். அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மாதக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடலாம் என்பதை இந்த வருடம்தான் தெரிந்துகொண்டான்.

“இன்னிக்கு சனிக்கிழமைதானே மாப்பிள்ளை?”

“ஆமா அத்தை.”

“பூங்காவுல நாடகம் உண்டா?”

“இருக்கும்.”

“இருக்கும்னா? நீங்க போகலையா?”

“போவேன்.”

அத்தை செய்தித்தாளை மடித்தார். “போன வாரமும் போனீங்க. அதுக்கு முந்தின வாரமும் போனீங்க. ஒரு நாளாவது திரும்பி வந்து இன்னது பாத்தேன்னு சொல்லியிருக்கீங்களா? சுவரப் பாத்துக் கேட்டாக்கூட எதிரொலியாவது வரும்.”

அவன் முட்டையை இரண்டாக வெட்டினான்.

“இன்னிக்கு நானும் வரேன்.”

“வெயிலா இருக்கும் அத்தை.”

“உங்களுக்கு மட்டும் நிலாவா காயும்?”

“தரையில உக்காரணும்.”

“தரை என்ன பண்ணும், கடிக்குமா?”

அத்தை குரலைத் தாழ்த்தினார். “பால் வாங்கப் போனப்ப சுவரொட்டி பாத்தேன். இன்னிக்கு அந்த ராஜா நாடகம். இதுதானே அவ வருஷா வருஷம் பாத்தது? அந்தக் குடை விஷயம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் மாப்பிள்ளை.”

வாயிலிருந்த முட்டையை மெல்லாமல் விழுங்கினான். தேநீரை ஊற்றி இறக்கினான்.

குடை விஷயம் இதுதான். அவன் மனைவி தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, தலையை நிமிர்த்தி, நாடகக் குரலில், “அரசே, எனக்குக் குடை கொடுங்கள்” என்பாள். மழை பெய்யும் நாளாகட்டும், வானம் பொய்க்கும் நாளாகட்டும், அவன் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கறுப்புக் குடையை எடுத்து நீட்டி, “கொடுத்தோம்” என்பான். இருவரும் சிரிப்பார்கள். மகள் வீட்டில் தங்க வரும்போதெல்லாம் அத்தை இதைப் பார்த்திருக்கிறார். என்னடி இது கூத்து என்று கேட்டால் மகள், “நாடகம் பாத்தாதான் புரியும்மா. வா, கூட்டிட்டுப் போறேன்” என்பாள். ஒரு வருடம் அத்தைக்கு முழங்கால் வலி. ஒரு வருடம் மகன் வீட்டில் மருமகள் பேறுகாலம். ஒரு வருடம் சும்மா சோம்பல். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி” என்றே சொல்லிவந்தார்.

அவன் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஒருமுறை முயன்றும் பார்த்தான். வாய்க்கு வந்ததும் அது சுண்டிப்போய்விட்டது. அவள் பாதியாக இருந்த விளையாட்டை அவன் ஒருவனாக எப்படி ஆடிக் காட்டுவது?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. இன்றைக்கு நாடகத்தில் அந்தக் காட்சிக்கு முன்னாலேயே எழுந்துவிடுவது என்று அவன் முடிவு செய்து வைத்திருந்தான். தண்ணீர் வாங்கப் போகிறவன்போல நடந்து, பூங்காவின் மறு வாசல் வழியாக வெளியேறி, பேருந்து ஏறிவிடுவது. அந்த ஒரு வரியை அவள் பக்கத்தில் இல்லாமல் கேட்க அவனால் முடியாது. இப்போது அத்தை வருகிறார். அத்தையைப் புல்தரையில் விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

“நாலு மணிக்குக் கிளம்பணும். இல்லன்னா எடம் கெடைக்காது” என்றான்.

“நாலுக்கு நான் வாசல்ல நிப்பேன்” என்றார் அத்தை.

நின்றார். கையில் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குப்பி, விசிறிக்கொள்ள மடித்த காலைச் செய்தித்தாள்.

கோடைச் சனிக்கிழமைகளில் பூங்காவில் இலவச நாடகம். நுழைவுச்சீட்டு கிடையாது, இருக்கை எண் கிடையாது. இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் பலகை மேடை. நடிகர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ஒலிபெருக்கி இல்லை, இருப்பது தொண்டை. ஒரு பக்கம் பேருந்துச் சாலை, மறுபக்கம் நாய்கள் நடமாடும் பாதை. பார்வையாளர்களுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. செருப்பு வைத்திருந்தால் அந்த இடம் உங்களுடையது. துண்டு வைத்திருந்தால் பேசித் தீர்க்க வேண்டியது. தண்ணீர்க் குப்பி வைத்தால் அதை யாராவது குடித்துவிடுவார்கள்.

மேடைக்கு எதிரே, இடது மரத்தின் கிளை நீளும் ஓரத்தில், இரண்டு பேர் உட்காரும் அளவுக்குப் புல் காலியாக இருந்தது. அதன் நடுவில் ஒரு பெரிய செருப்பு. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரிய மனிதர். எந்தக் கோடையிலும் முதல் ஆளாக வந்து, முன்னால் நாற்காலி போட்டு, பின்னால் இருப்பவர்களுக்கு மேடையே தெரியாமல் மறைப்பவர். அவன் மனைவிதான் அவருக்கு ‘மலை’ என்று பெயர் வைத்தாள். நேரிலேயே, “மலை சார், கொஞ்சம் நகருங்க, சூரியன் உதிக்கட்டும்” என்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார். இந்தக் கோடையின் முதல் சனிக்கிழமை, “எங்கப்பா உன் வீட்டுக்காரம்மா? என்னைத் திட்ட ஆளில்ல” என்று கேட்டார். அவன் சொன்னான். அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாரா வாரம் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் உட்கார்ந்திருப்பார்.

இன்று செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு அத்தையைப் பார்த்தார்.

“அவங்க அம்மாவா?”

“ஆமாங்க” என்றார் அத்தை. “நீங்கதான் மலையா?”

“எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கா பாருங்க” என்றார் மலை. நாற்காலியைத் தானாகவே மரத்தோரம் தள்ளிப் போட்டார்.

அத்தை பாயை விரித்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். குழந்தைகளைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள், அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்த பெண்கள், செருப்பைத் தலையணையாக்கிப் படுத்திருந்த கல்லூரிக் கூட்டம். “இவ்வளவு பேருக்கும் வீட்ல டிவி இல்லையா?” என்றார்.

“இருக்கும்மா. ரிமோட் அவங்க கையில இல்ல” என்றார் மலை.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அசைவைப் பார்த்து அவன் சட்டென்று மேடைப் பக்கம் திரும்பினான். மகளும் அப்படித்தான் பொத்துவாள்.

“அந்தக் கிணத்துக்காரப் பொண்ணா நடிக்கிறது இந்த வருஷம் புது ஆளு” என்றார் மலை. “மருந்துக்கடையில வேலை. எனக்கு இருமல் மருந்து எடுத்துக் குடுக்கிறப்பவே கை நடுங்கும். பாவம், என்ன பண்ணப்போகுதோ.”

தகர டப்பாவில் யாரோ மூன்று தட்டுத் தட்டினார்கள். நாடகம் தொடங்கியது.

கதை சின்னது. நாட்டில் மழை இல்லை. கிணறு வெட்டுகிறவனின் மகள் ஒருத்தி, அப்பன் வெட்டிய கிணற்றை அரசன் பறித்துக்கொண்டான் என்று நீதி கேட்டு வெயிலில் நடந்தே அரண்மனைக்கு வருகிறாள். அரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்கு மேல் பெரிய வெள்ளைக் குடை. அதைப் பிடிக்க ஓர் ஒல்லி ஆள். அந்த ஆளுக்கு நாடகம் முழுக்க ஒரு வசனமும் கிடையாது. கை வலித்தால் மாற்றிப் பிடிக்கக்கூட அனுமதி கிடையாது. மந்திரிகள் பேசுகிறார்கள், சட்டம் பேசுகிறார்கள், அவள் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பி அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். கடைசியில் அவள் நிமிர்ந்து நின்று, “அரசே, உங்களிடம் நீதி கேட்டு வந்தேன். இல்லாதவரிடம் கேட்டது என் பிழை. எனக்கு விடை கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அந்த இடத்தில் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

கல்யாணமான முதல் கோடையில், சரியாக அந்த நேரத்தில், சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எல்லாரும் மூக்கை உறிஞ்ச, அவன் மனைவி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன என்று கேட்டான்.

“குடை கேக்குறா பாருங்க.”

“குடையா? விடை. போக அனுமதி கேக்குறா.”

“நான் கேட்டேனே. குடைன்னுதான் சொன்னா.”

“விடைதான்டி.”

“அப்படின்னா எழுதினவன் தப்பா எழுதிட்டான்” என்றாள் அவள். “போறதுக்கு அவன்கிட்ட எதுக்கு அனுமதி? குடைதான் சரி.”

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோடையிலும் அந்தக் காட்சியில், நடிகை வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், அவன் காதருகே வந்து ‘குடை’ என்பாள். மேடையில் விடை, காதில் குடை. அவனுக்கு இப்போது பயம் அந்த நொடிதான். விடை என்ற சொல் தனியாக, சுத்தமாக, சரியாக வந்து காதில் விழப்போகிற நொடி.

புதுப் பெண் முதல் காட்சியில் தடுமாறினாள். இரண்டாவதில் கொஞ்சம் தேறினாள். மந்திரிகளோடு வாதாடும் காட்சியில் அவளுக்கே தன் குரல்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அத்தை செய்தித்தாளால் விசிறிக்கொள்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டவர்போல மேடையையே பார்த்தார். மேடை மேற்கு பார்த்தது. சாயங்கால வெயில் நேராக நடிகர்கள் முகத்தில் அடித்தது. கிணற்றுக்காரப் பெண்ணின் நெற்றியில் நிஜ வேர்வை. அரசன் மட்டும் குடை நிழலில் சௌகரியமாக இருந்தான்.

காட்சி நெருங்கியது. அவன் காலை மடக்கினான். எழுந்துகொள்ள வேண்டுமென்றால் இதுதான் தருணம்.

“எங்க?” என்றார் அத்தை, திரும்பாமலே.

“தண்ணி வாங்கிட்டு வரேன்.”

“குப்பி நெறைய இருக்கு. உக்காருங்க மாப்பிள்ளை. இப்பதானே வரப்போகுது?”

உட்கார்ந்தான்.

மேடையில் அரசன் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னான். கிணறு அரண்மனைக்கே. பெண் தலை குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அரசே” என்றாள். “உங்களிடம் நீதி கேட்டு வந்தேன்.”

ஓர் அடி முன்னால் வைத்தாள்.

“இல்லாதவரிடம் கேட்டது என் பிழை.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். காதருகே ஒன்றும் இல்லை. ஒன்றும் வராது. இதோ வரப்போகிறது அந்தச் சொல்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள். நடிப்பு என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என்ன உருக்கமான மௌனம் என்று யாரோ பெருமூச்சுக்கூட விட்டார்கள். அந்த இடத்தில் வழக்கமான மௌனத்தின் நீளம் அவனுக்குத் தெரியும். அது அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. அவள் உதடு பிரிந்தது, மூடியது. கை விரல்கள் பாவாடையைப் பிசைந்தன. மேடை ஓரத்தில் மறைந்திருந்த இயக்குநர் அம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. அந்தத் தூரத்திலிருந்து முணுமுணுத்தால் கேட்காது. கத்தினால் எல்லாருக்கும் கேட்டுவிடும். அரசன் ஒருமுறை இருமினான். ஒரு சொல். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்.

அது அவனிடம் இருந்தது.

விடை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக விடை என்றுதான் நினைத்தான். மாதக்கணக்கில் இரண்டு சொற்களுக்கு மேல் பழகாத தொண்டை அது. அதிலிருந்து பூங்காவின் மறுகோடிவரை கேட்கும்படி வந்தது:

“குடை. குடை கொடுங்கள்.”

நூறு தலைகள் திரும்பின. மலை நாற்காலியில் நிமிர்ந்தார். அத்தை அவனைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

மேடையில் அந்தப் பெண்ணும் திரும்பி, குரல் வந்த திசையைப் பார்த்தாள். தண்ணீரில் தத்தளிக்கிறவள் கயிற்றைப் பார்க்கிற பார்வை. அது சரியான கயிறா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பற்றிக்கொண்டாள்.

“இல்லாததைக் கேட்டது என் பிழை” என்றாள், வரியை லேசாக மாற்றி, மெதுவாக. அப்போது அவள் கண் அரசனின் தலைக்கு மேலே போயிற்று. அங்கே அந்த வெள்ளைக் குடை இருந்தது. அவள் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தார்கள். “இனி, இருப்பதைக் கேட்கிறேன். அரசே, எனக்குக் குடை கொடுங்கள்.”

பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அரசனாக நடித்தவர் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். அவருக்கே வாய் திறந்தது திறந்தபடி நின்றது. “குடையா?” என்றார். அது நடிப்பே இல்லை.

“ஆமா, குடைதான்.” பதில் சொன்னது அத்தை. பாயில் உட்கார்ந்தபடியே, அடுத்த வீட்டுக்காரியிடம் நியாயம் பேசுகிற குரலில், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். “அவரு உக்காந்துதானே இருக்காரு. அவருக்கு எதுக்கு நிழல்? வெயில்ல நடந்து வீடு போய்ச் சேர வேண்டியது அந்தப் பொண்ணு.”

பூங்கா சிரித்தது. முன்வரிசை சிரித்து, அது பின்னால் போய், நாய்களோடு நடந்துகொண்டிருந்தவர்கள்வரை பரவி, திரும்பி வந்தது.

அவன் அத்தையையே பார்த்தான். முதல் கோடையில், பேருந்து போன பிறகு, அவன் மனைவி இன்னொரு காரணமும் சொல்லியிருந்தாள், இதே சொற்களில். அவரு உக்காந்துதானே இருக்காரு. அத்தைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

“கேட்டீர்களா அரசே” என்றாள் மேடையில் இருந்தவள். இப்போது அவள் கை நடுங்கவில்லை. “மக்கள் சொல்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் நடக்க வேண்டும்.”

அரசன் மந்திரிகளைப் பார்த்தான். மந்திரிகள் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுக்காத வசனத்துக்கு மந்திரி எங்கே போவான்? அந்த நேரத்தில்தான், நாடகம் முழுக்க வாயே திறக்காத அந்த ஒல்லி ஆள், குடை பிடிப்பவன், ஓர் அடி எடுத்து வைத்தான். யாரும் சொல்லவில்லை. அடுத்த அடி வைத்தான். சிம்மாசனப் படியில் இறங்கி, மேடையைக் குறுக்காகக் கடந்து, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தான்.

அரசன் முகத்தில் வெயில் பளீரென்று அடித்தது. தகரக் கிரீடம் மின்னியது. அவன் கண் கூசிக் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டான்.

அவள் குடையின் காம்பைப் பிடித்தாள். “நன்றி அண்ணா. நானே பிடித்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கை வலிக்கும்.”

கைதட்டல் அப்போது தொடங்கியது. அவள் வழக்கமாகப் போகும் பக்கவாட்டுத் திரைக்குப் போகவில்லை. மேடையின் முன்படியில் இறங்கினாள். நேராகக் கூட்டத்துக்குள் வந்தாள். பாய்கள் சுருண்டன, செருப்புகள் நகர்ந்தன, குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள்; வழி தானாகப் பிறந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் அவள் கடக்கக் கடக்க எழுந்து நின்றார்கள். மலை எழுந்தார், நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அவள் அத்தையின் பாயருகே வந்தபோது குடை நிழல் அத்தைமேல் விழுந்தது, ஒரு கணம் நின்றது, நகர்ந்து போயிற்று. அத்தை கையை நீட்டி அந்த நிழலைத் தொட்டுப் பார்த்தார்.

மேடையில் வெயிலில் இருந்த அரசனுக்கு அடுத்து ஒரு பக்க வசனம் உண்டு. மனம் திருந்தும் வசனம். அவர் அதைப் பேசவில்லை. கூசும் கண்ணோடு வானத்தைப் பார்த்து, “இவ்வளவு சுடுமா?” என்றார். தகர டப்பாவில் மூன்று தட்டு. நாடகம் முடிந்தது.

நெடுநாள் நின்றுபோன லிஃப்ட்டை மறுபடி இயக்கினால் முதலில் ஒரு குலுக்கல் குலுக்கும், உள்ளே நிற்பவனுக்கு ஈரக்குலை நடுங்கும், அப்புறம்தான் ஏறும். அவனுக்கு அந்தக் குலுக்கல் விலாவில் தொடங்கியது. அழுகை வருகிறது என்று நினைத்தான். வந்தது சிரிப்பு. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தான். அத்தை அவன் முதுகில் தட்டினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்த மறந்துவிட்டார்.

“இவ்வளவுதானா?” என்றார். “இதுக்குத்தான் இத்தன வருஷம் என்னை இழுத்தாளா? இவ்வளவு நல்லாருக்கு, நான் வராமப் போயிட்டேனே மாப்பிள்ளை.”

“இதுக்கு முன்னாடி இப்படி இல்ல அத்தை. அவங்க விடைன்னுதான் சொல்லுவாங்க. உங்க பொண்ணுதான் குடைன்னு தப்பாக் கேட்டுட்டு, அதான் சரின்னு சாதிச்சா.”

“தப்பு என்ன தப்பு? அதானே சரி.”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இயக்குநர் அம்மாள் வந்தார். கையில் சுருட்டிய நாடகப் பிரதி. பின்னால் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிய அரசன். பாயில் இருந்தவன் பள்ளிக்கூடத்தில் கல் எறிந்து பிடிபட்டவனைப்போல எழுந்து நின்றான்.

“யாரு சார் குடை கேட்டது?”

அவன் வாய் திறப்பதற்குள் அத்தை சொன்னார். “என் பொண்ணு.”

இயக்குநர் அம்மாள் சுற்றிலும் பார்த்தார். “எங்க அவங்க? நான் அவங்களப் பாக்கணுமே.”

மலை நாற்காலியை மடக்கினார், அது கிரீச்சிட்டது. “இந்த எடத்துலதாங்க உக்காருவாங்க” என்றார். “வருஷா வருஷம்.”

அம்மாளுக்குப் புரிந்தது. சுருட்டிய பிரதியை விரித்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து ஒரு சொல்லை அடித்தார், மேலே வேறொரு சொல்லை எழுதினார். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற பூங்காவுல ஆட்டம் இருக்கு. இப்படியேதான் போடப்போறோம்” என்றார். “கடைசிக் காட்சி ஏன் சப்புன்னு இருக்குன்னு இத்தன வருஷமா தலைய ஒடச்சிக்கிட்டேன். உங்க பொண்ணு மொத நாளே வந்து சொல்லியிருக்கலாம்.”

“அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா” என்றார் அத்தை. “உங்களுக்குத்தான் கேக்கல.”

“என்னை வெயில்ல நிக்க வெச்சிட்டீங்களேம்மா” என்றார் அரசன்.

“நில்லுங்க. ஒடம்புக்கு நல்லது.”

அரசன் கக்கத்திலிருந்த கிரீடத்தை எடுத்து வணங்குவதுபோல் தாழ்த்தினார். அத்தை பாயைத் தட்டிச் சுருட்டினார். போகும் வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். வாசலில் ஒரு கல்லூரிப் பையன் தன் நண்பனிடம், “எனக்கு விடை கொடு மச்சான்” என்றான். “குடைடா, முட்டாள்” என்றான் மற்றவன்.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தை நாடகம் முழுவதையும் தொடக்கத்திலிருந்து சொன்னார், அவன் பார்க்கவில்லை என்பதுபோல. மந்திரிகள் முழித்ததை நடித்துக் காட்டினார். அந்த ஒல்லி ஆள் வீட்டில் சாப்பிடுகிறானா இல்லையா என்று கவலைப்பட்டார். அவன் பதில் சொன்னான். கேள்வியும் கேட்டான். ஒரு பேருந்து வந்தது, கூட்டமாக இருந்தது, விட்டுவிட்டார்கள்.

பிறகு அத்தை சுருட்டிய பாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“அன்னிக்குக் காலையிலயும் கேட்டாளா? குடை?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அது பொய் சொல்லித் தாங்க வேண்டிய முகமாக இப்போது இல்லை.

“இல்ல அத்தை. அன்னிக்கு நான் குளிச்சிட்டு இருந்தேன். அவளுக்கு நேரமாயிடுச்சு. குளியலறைக் கதவத் தட்டினா.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா.”

“என்ன சொன்னா?”

அவன் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

“‘இவ்வளவு நேரம் உள்ள என்ன, தனிக்குடித்தனமா நடத்துறீங்க?’”